குயிக் ஹிட்ச் சட்டம்: பல பருவப் பயன்பாட்டுக்குப் பின்

டிராக்டரின் மூன்று இணைப்புக் கைகளுக்கும் (இரண்டு கீழ் லிங்க், ஒரு டாப் லிங்க்) கருவிக்கும் நடுவே நின்று, கருவியைக் கொக்கிகளால் பிடிக்கும் இரும்புச் சட்டம்தான் குயிக் ஹிட்ச். சிறிய டிராக்டர்களுக்கான கேட்டகரி 1 அளவுச் சட்டத்தைக் கல்டிவேட்டர், ரோட்டவேட்டர், மண் நிரவும் பாக்ஸ் பிளேடு, புல் வெட்டும் ஸ்லாஷர், குழி தோண்டும் ஆகர் ஆகிய ஐந்து கருவிகளோடு பல பருவங்கள் பயன்படுத்திப் பார்த்ததன் விவரம் இது. சட்டம் உழைக்கிறது, நேரம் மிச்சமாகிறது, கருவியைக் கடப்பாரையால் நெம்பி நெம்பி முதுகு ஒடியும் வேலை போய்விடுகிறது. ஆனால் வாங்கிய அன்றே எல்லாக் கருவியும் ஏறிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒவ்வொரு கருவியையும் ஒருமுறை அளந்து, பின்களின் மேல் புஷ் (பின்னைத் தடிப்பாக்கும் உறைக்குழாய்) போட்டு, தேவையான இடத்தில் வெல்டிங் வைத்துத் தயார் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட கருவிக்கு இந்தச் சட்டம் வெறும் பாரம்.

முதலில் அளவு. கேட்டகரி 1 கருவியில் கீழ்ப் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ., இரண்டு கீழ்ப் பின்களுக்கு இடையே 683 மி.மீ. கேட்டகரி 2-இல் கீழ்ப் பின் சுமார் 28 மி.மீ., மேல் பின் 25 மி.மீ., அகலம் 825 மி.மீ. சட்டத்தின் கொக்கிகள் இந்தப் பின்களை நேரடியாகப் பிடிக்க மாட்டா. கீழ்க் கொக்கி 36.5 மி.மீ. வெளிவிட்டத்துக்கும், மேல் கொக்கி 32 மி.மீ.க்கும் செய்யப்பட்டவை. அதனால் இரண்டு கீழ் புஷ், ஒரு மேல் புஷ் என மூன்று புஷ் கொண்ட செட் ஒவ்வொரு கருவிக்கும் வேண்டும். ஒரே செட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டுவது இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். வேகமாக மாற்றத்தானே சட்டம் வாங்கினோம்? சட்டத்தில் ஏறும் கருவி நான்கு என்றால் நான்கு செட்டையும் சட்டத்தோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

புஷ்ஷைப் பின்மேல் ஏற்றியபின் வெளிப்பக்கம் லாக் பின் போட இடம் மிஞ்ச வேண்டும். பழைய கருவிகளில் பின் குட்டையாக இருக்கும், லாக் பின் ஓட்டை புஷ்ஷுக்குள் மறைந்துபோகும். அப்போது நீளமான பின் வாங்கி மாற்றுவதே நல்லது. புஷ்ஷை அறுத்துக் குட்டையாக்கினால் கொக்கியில் பக்கவாட்டு ஆட்டம் கூடி, சீக்கிரம் தேய்கிறது. ஏற்றும் முன் உள்ளே கிரீஸ் தடவுங்கள். ஒரு மழைக்காலம் கிரீஸ் இல்லாமல் கிடந்த புஷ் பின்னோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், சூடேற்றி அடித்துத்தான் எடுக்க முடியும்.

சட்டத்துக்கும் கருவிக்கும் பெரும்பாலும் தகராறு வருவது மேல் பின்னில். கீழ்ப் பின்களின் மையக் கோட்டிலிருந்து மேல் பின்னின் மையம் வரை 381 மி.மீ., அதாவது 15 அங்குலம், என்பது சட்டம் எதிர்பார்க்கும் உயரம். சில கருவிகளில் அது 16, 18 அங்குலம் என்று இருக்கும். மேல் கொக்கியை ஏற்றி இறக்க வசதியுள்ள சட்டம் கிடைத்தால் அதையே எடுங்கள். ஆனால் கருவிக்குக் கருவி கொக்கியை நகர்த்தும் நிலை வரக்கூடாது. அதற்குப் பேசாமல் பின்னைக் கையால் மாட்டிவிடலாம். உயரம் சரியாக இருந்தும் ஏறாத கருவிகளும் உண்டு. கொக்கி கீழிருந்து மேலே வந்து பின்னைப் பிடிப்பதால், பின்னுக்கு நேர் கீழே ஒரு குறுக்குப் பட்டை இருந்தாலே தடுத்துவிடும். மேல் பின்னைத் தாங்கும் இருபுறத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி கொக்கியின் தடிமனைவிடக் குறைவாக இருக்கலாம். மேல் பின் கீழ்ப் பின்களைவிட மிகவும் பின்தள்ளி இருந்தால், சட்டம் பின்னோக்கிச் சாய்ந்த நிலையில்தான் பிடிக்கும்.

வாங்கும் முன்பே இதையெல்லாம் தெரிந்துகொள்ள எளிய வழி ஒரு பிளைவுட் பலகை. அதில் சட்டத்தின் மூன்று கொக்கிகளின் இடத்தையும் வரைந்து, வெட்டியெடுத்து, ஒவ்வொரு கருவியிலும் வைத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலையில் எந்தக் கருவி நேராக ஏறும், எதற்கு வெல்டிங் தேவை என்று பட்டியலே வந்துவிடும்.

கருவிகளில் கல்டிவேட்டர்தான் சுலபம்: புஷ் போட்டால் போதும். பாக்ஸ் பிளேடில் மேல் பின் உயரமும் பின்பக்கச் சாய்வுப் பட்டையும் தொல்லை தரலாம். பின்னுக்குப் புது ஓட்டை போட்ட தகடு ஒன்றைச் சேர்த்து வெல்ட் செய்தால் தீரும். ஸ்லாஷரில் மேல் பின் ஆடும் பட்டையில் இருப்பதால், கொக்கி நெருங்கும்போது பட்டை பின்னால் சாய்ந்து நழுவும். ஒரு ரப்பர் பட்டையால் அதை முன்னோக்கி இழுத்துக் கட்டி வைத்தால் ஒரே தடவையில் மாட்டிக்கொள்ளும். மாட்டியபின் டாப் லிங்க்கைச் சரிசெய்து, வெட்டும் உயரத்தில் அந்தப் பட்டை நடுவாக்கில் நிற்கும்படி வையுங்கள்; இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் ஸ்லாஷர் மிதக்காமல் தூக்கியடிக்கும். குழி தோண்டும் ஆகர் ஒத்துவராது. அதன் நீண்ட கை டாப் லிங்க் மாட்டும் இடத்திலேயே நேரடியாகப் பூட்டும் வகை என்பதால், சட்டத்தைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

ரோட்டவேட்டர், ஸ்லாஷர் போன்ற பி.டி.ஓ. (எஞ்சினின் சுழற்சியை ஷாஃப்ட் வழியாகக் கருவிக்குக் கொடுக்கும் முனை) கருவிகளுக்குத் தனியாகக் கவனம் வேண்டும். சட்டம் கருவியைச் சுமார் 10 செ.மீ. பின்னால் தள்ளுகிறது. அந்த 10 செ.மீ.யும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் உள்குழாயும் வெளிக்குழாயும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் நீளத்திலிருந்துதான் போகும். வேலை செய்யும் நிலையில் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும் என்பது பொது விதி. குழாய் 600 மி.மீ. என்றால் 200 மி.மீ. உள்ளே வேண்டும். முன்பு 250 இருந்தது என்றால் இப்போது 150தான். பாரம் ஏறும்போது குழாய் முறுக்கிக்கொள்ளும், மோசமான பள்ளத்தில் கழன்றும் விழலாம். சுழலும்போது கழன்ற ஷாஃப்ட் ஆளைக் கொல்லும் பொருள். இதில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சே கூடாது.

ஏற்கெனவே அந்த டிராக்டருக்காக வெட்டிக் குட்டையாக்கிய ஷாஃப்ட் என்றால், நீளமான குழாய் ஜோடி வாங்குவதே வழி. அளவெடுக்கும்போது ஹைட்ராலிக்கை மெதுவாகத் தூக்கி, டிராக்டரின் பி.டி.ஓ. முனையும் கருவியின் கியர்பாக்ஸ் முனையும் ஒரே மட்டத்தில் வரும் இடத்தில் நிறுத்துங்கள். தூரம் மிகக் குறைவது அங்கேதான். அந்த நிலையில் உள்குழாய் முழுதாக உள்ளே போய் அடிதட்ட இன்னும் 25 மி.மீ.யாவது இடம் இருக்க வேண்டும். பிறகு கருவியை முழுதாக இறக்கியும் முழுதாகத் தூக்கியும் உள்ளே இருக்கும் நீளத்தைப் பாருங்கள். வெட்ட வேண்டியிருந்தால் இரண்டு குழாயிலும் இரண்டு பிளாஸ்டிக் உறையிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, கிரீஸ் பூசி ஏற்றுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, பலர் மறப்பது இதைத்தான். சட்டத்துக்காக நீளமான ஷாஃப்ட் போட்ட ரோட்டவேட்டரை, சட்டம் இல்லாத டிராக்டரில் அப்படியே மாட்டினால் ஷாஃப்ட் அடிதட்டி கியர்பாக்ஸ் பேரிங்கையோ பி.டி.ஓ. ஆயில் சீலையோ உடைத்துவிடும். அந்த ஷாஃப்ட்டில் பெயின்ட்டால் பெரிதாக எழுதி வையுங்கள். இரவல் கொடுக்கும் கருவி என்றால் கட்டாயம். நல்லது ஒன்றும் இருக்கிறது: ஷாஃப்ட் நீள்வதால், அதே உயரத்துக்குத் தூக்கும்போது யுனிவர்சல் ஜாயின்ட்டின் கோணம் சற்றுக் குறைகிறது.

எடையையும் கணக்குப் போடுங்கள். சட்டமே 30 முதல் 45 கிலோ வரும். வீல் பேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு இடையே உள்ள தூரம்) 1.7 மீட்டர், கருவி 400 கிலோ, அதன் எடை மையம் பின் ஆக்ஸிலிலிருந்து 1.5 மீட்டர் என்று வையுங்கள். தூக்கியதும் முன் ஆக்ஸிலிலிருந்து 353 கிலோ குறையும். சட்டத்தோடு மையம் 1.6 மீட்டருக்குப் போகிறது. 40 கிலோ சட்டத்தின் பங்கையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 399 கிலோ. அதாவது முன் சக்கரம் இன்னும் 46 கிலோ லேசாகிறது. டிராக்டர் எடையில் 20 சதவீதமாவது முன் ஆக்ஸிலில் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஏற்கெனவே வரப்பில் முன் சக்கரம் துள்ளும் டிராக்டர் என்றால் முன் வெயிட் இரண்டு கூடுதலாக வேண்டும். தூக்கும் திறனும் குறையும், ஏனென்றால் கீழ் லிங்க் முனைக்கு 610 மி.மீ. பின்னால் இவ்வளவு கிலோ என்று குறிப்பிடும் திறன் சட்டம் இல்லாத நிலைக்கானது.

மாட்டும் முறை பழகிவிட்டால் சீட்டைவிட்டு இறங்கும் வேலை பாதியாகும். கருவியைக் கழற்றும்போதே சமதளத்தில், பலகை மேல் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். தட்டையாகத் தரையில் கிடக்கும் பிளேடின் கீழ்ப் பின்கள் மிகத் தாழ்வாக இருக்கும். சட்டத்தின் அடி தரையில் முட்டி, கொக்கி பின்னுக்குக் கீழே போகவே இடம் இருக்காது. பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கருவியின் தாங்கியில் தூக்கி வையுங்கள், தொங்கவிட்டால் பின்னால் வரும் சட்டம் நசுக்கிவிடும். கீழ்க் கொக்கிகளின் லாக் லீவரைத் திறந்து, சட்டத்தைத் தாழ்த்தி, டாப் லிங்க்கால் மேல் கொக்கி சற்றுப் பின்னோக்கிச் சாயும்படி வைத்து மெதுவாகப் பின்னால் வாருங்கள். மேல் பின்னுக்குக் கீழே கொக்கி வந்ததும் தூக்கினால், கருவி தொங்கி ஆடிக் கீழ்ப் பின்கள் தாமாகவே கீழ்க் கொக்கிகளில் உட்காரும். லீவரை மூடுங்கள். ஷாஃப்ட்டும் ஹைட்ராலிக் ஹோஸும் இன்னும் கையால்தான், எஞ்சினை நிறுத்திவிட்டு. சட்டம் நடுவில் நிற்பதால் ஷாஃப்ட்டின் லாக்கை அமுக்கக் கை நுழையும் இடம் முன்பைவிடக் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் சட்டம் வேலையைக் கூட்டுகிறது.

ஒரு பக்கக் கொக்கி மட்டும் பூட்டி, மறுபக்கம் பூட்டாமல் போவதுதான் நீண்ட பயன்பாட்டில் மிகவும் பயப்பட வேண்டிய கோளாறு. சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தால் இரண்டும் பூட்டியது போலவே தெரியும். கருவி சரிந்து நிற்பது, வலது கீழ் லிங்க்கை ஏற்றி இறக்கும் லெவலிங் ஸ்க்ரூ ஏற்றமாகவோ இறக்கமாகவோ இருப்பது, கொக்கியின் அடியில் மண் கெட்டித்திருப்பது ஆகிய மூன்றும்தான் காரணம். லெவலிங் ஸ்க்ரூவைத் திருப்பிச் சட்டத்தையும் கருவியின் சரிவுக்கே சரித்து மாட்டி, பிறகு மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் இறங்கி இரண்டு லீவரையும் தொட்டுப் பார்த்த பிறகே கிளம்புங்கள். அதற்கு முன் கருவியை 10 செ.மீ.க்கு மேல் தூக்க வேண்டாம், டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில் யாரும் நிற்க வேண்டாம்.

கழற்றும்போது நடக்கும் சேதம் பெரும்பாலும் ஹைட்ராலிக் ஹோஸில்தான். லீவரைத் திறந்து, இறக்கி, முன்னால் நகர்த்துவது அவ்வளவு சுலபமாகிவிடுவதால், ஹோஸைக் கழற்றாமலே நகர்த்திவிடுகிறார்கள். கப்ளிங்கோடு பிய்ந்து வரும்.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, முதல் 10 மணி நேரத்தில் மேல் கொக்கியின் போல்ட்டுகள் தளரும்; இறுக்கிய பிறகு அடங்கிவிடும். லாக் ஸ்பிரிங் துருப்பிடிப்பது வழக்கமான சீக்கு, வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டால் போதும். சட்டத்தை முழு உயரம் தூக்கி, பக்கவாட்டில் ஆட்டி, லீவர் கைப்பிடி டயரில் உரசுகிறதா என்று ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் லிங்க்குகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினை இறுக்கினால் பெரும்பாலும் தப்பும். கீழ்க் கொக்கி நிமிர்ந்த தூணோடு சேரும் வெல்டிங்கில் பருவத்துக்கு ஒருமுறை விரிசல் பாருங்கள். ஆழ உழும் சப்சாய்லரைக் கேட்டகரி 1 சட்டத்தில் போடாமல் நேராக லிங்க்கில் மாட்டுவது என் தேர்வு. ஒற்றைக் கொழு வேரில் மாட்டும்போது வரும் முறுக்கு முழுவதும் அந்த வெல்டிங்கில்தான் இறங்குகிறது. டாப் லிங்க் வழியாக ஆழத்தை உணரும் டிராஃப்ட் கண்ட்ரோல் உள்ள டிராக்டர்களில், மேல் கொக்கியின் ஆட்டம் கூடக் கூட ஹைட்ராலிக் தாமதமாகவே பதில் சொல்லும். மேல் புஷ்ஷை மாற்றினால் சரியாகும்.

பருவம் முழுக்க ரோட்டவேட்டரை மட்டும் மாட்டி வைத்திருப்பவருக்கு இந்தச் சட்டம் தேவையில்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று கருவி மாற்றுபவருக்கு வாங்கலாம் என்பேன். டிராக்டர் கேட்டகரி 2 அல்லது 3 என்றால், சட்டத்துக்குப் பதில் கீழ் லிங்க் முனையிலேயே கொக்கி உள்ள வகையையும் பாருங்கள். அதில் கருவியின் பின்னில் உருண்டை புஷ் மாட்டுவார்கள், கேட்டகரி 2-க்கு 56 மி.மீ., 3-க்கு 64 மி.மீ. கருவி பின்னால் தள்ளப்படுவதில்லை, அதனால் பி.டி.ஓ. ஷாஃப்ட்டைத் தொடவே வேண்டாம்.