54 என்.எல்.ஆர். 433: ஒரு சட்ட நூலகத்துக்குப் போய் வந்த கதை

விடியற்காலை அட்டனில் பஸ் ஏறினால் கினிகத்தேனை வந்த பிறகுதான் ஜன்னலில் வெளிச்சம் தெரியும். அதுவரை மடியில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவேன். போன வருடம் முதல் தடவை போனபோது அந்தப் பைக்குள் ஒரு பொலித்தீன் உறை இருந்தது. அதில் பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அத்தையின் கடதாசிகள். இருபத்தேழு வருடம் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். ஏழு மாதமாகியும் சேவைக்காலப் பணம், அதாவது பணிக்கொடை, வரவில்லை. தோட்டத்து ஒபிஸில் கேட்டால் "வரும், வரும்" என்ற ஒரே பதில். லயத்தில் லோ படிக்கிறவள் நான் ஒருத்திதான். படிப்பதும் தொலைக்கல்வியில், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து இராத்திரியில். ஆனால் அத்தைக்கு அதெல்லாம் கணக்கில்லை. "நீ படிக்கிறதானே, பார்த்துச் சொல்லு" என்று உறையைக் கையில் கொடுத்துவிட்டார்.

எந்தக் கம்பஸ் என்று எழுதவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், இன்னும் அங்கே போய் உட்கார வேண்டியவள் நான். மலைநாட்டில் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகம், அதில் மேல் மாடியில் சட்டப் பிரிவு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியாட்கள் வாசிக்க வேண்டுமென்றால் தாங்கள் படிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம், அடையாள அட்டைப் பிரதி, சிறு கட்டணம். என் கடிதத்தில் திகதி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தடவை அவ்வளவுதான். மூன்று மணி நேரம் போக, மூன்று மணி நேரம் வர. கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தங்கள் இணையத்தளத்தில் நாலு வரி போட்டிருக்கலாம்.

இரண்டாவது தடவை உள்ளே விட்டார்கள். முதலில் பட்டியல் பார்க்கும் கணினியில் "பணிக்கொடை" என்று தமிழில் அடித்தேன். ஒன்றுமில்லை. "சேவைக்காலம்" என்று அடித்தேன். அதற்கும் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் அடித்ததும் பதினோரு புத்தகங்கள் வந்தன. தமிழ்ப் புத்தகங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. ஆனால் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், அதுவும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். "சட்டம்" என்ற சொல்லை மூன்று விதமாக எழுதியிருப்பதை நானே பார்த்தேன். ஆகவே தமிழில் தேடுகிறவர்கள் கணினியை விட்டுவிட்டு நேரே தட்டுக்குப் போங்கள். தட்டு எண்கள்: தொழிற்சட்டம் 344.01, இலங்கைச் சட்டம் 349.5493. இந்த இரண்டு எண்ணையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

344.01 தட்டில் ஆங்கிலப் பாடநூல்கள் நிறைய, அவற்றில் சில நான் பிறப்பதற்கு முந்தியவை. சட்டம் எதுவென்று அவற்றிலேயே கிடைத்துவிட்டது: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். சிவப்பு அட்டை போட்ட பழைய சட்டவாக்கத் தொகுதிகள் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. 1980ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பை எடுத்து அட்டவணையில் அரை மணி நேரம் தேடினேன். 1983இல் வந்த சட்டம் 1980 பதிப்பில் எப்படி இருக்கும்? தூக்கக் கலக்கம், அது உறைக்கவில்லை. பிறகுதான் வருட வாரியான தொகுதிகளைத் தேடிப்போனேன்.

1983 தொகுதி கிடைத்தது. ஐந்தாம் பிரிவு, ஆறாம் பிரிவு. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்த தொழில்தருநர், ஐந்து வருடம் பூர்த்தி செய்த வேலையாளுக்கு, வேலை முடிந்து முப்பது நாளுக்குள் பணிக்கொடை கொடுக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின் படி. அத்தை நாட்சம்பளக்காரர். இருபத்தேழை பதினான்கால் பெருக்கினால் 378 நாள். கொப்பியில் பெரிதாக 378 என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பில் புத்தகத்தை மூடினேன்.

அப்போதுதான் சட்டப் பிரிவுப் பொறுப்பாளர் மிஸ் என் மேசைப் பக்கமாக வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் பேசுவார். புத்தகத்தின் முதுகைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "திருத்தம் பார்த்தீங்களா நங்கி (தங்கச்சி)?"

பார்க்கவில்லை. அவரே போய் 1990, 1992 தொகுதிகளைக் கொண்டுவந்து வைத்தார். அந்த இரண்டு வருடத்திலும் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பிரிவில் எந்த வரி போய் எந்த வரி வந்தது என்று பென்சிலால் எப்படிக் குறிக்க வேண்டும் என்று காட்டினார். (என் கொப்பியில்தான். புத்தகத்தில் பென்சில் பட்டால் அவர் முகம் மாறிவிடும்.) முப்பது நாள் தாண்டினால் தாமதத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும் மேலதிகக் கட்டணம் ஒன்று இருக்கிறது என்பது இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. ஒபிஸில் ஒருவரும் அதைப் பற்றி அத்தையிடம் வாய் திறக்கவில்லை.

இந்த நூலகத்துக்கு நான் மதிப்பெண் போடுவதென்றால் பாதிக்கு மேல் அந்த மிஸ்ஸின் கேள்விக்குத்தான் போடுவேன்.

தமிழ்ப் பிரதிகள் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டங்கள் மூன்று மொழியிலும் அச்சாகின்றன. நூலகத்தில் சிங்களத் தொகுதிகள் ஒழுங்காக இருக்கின்றன, ஆங்கிலத் தொகுதிகள் ஏறக்குறைய முழுமை, தமிழில் பல வருடங்கள் இல்லை. 1992 தமிழ்த் தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் இடைவெளி, தூசி மட்டும். கேட்டதற்கு "வரவே இல்லை" என்றார்கள். இருக்கிற தமிழும் இலேசான தமிழில்லை. ஒரு வசனம் முக்கால் பக்கம் ஓடி, கடைசியில் "ஆதல் வேண்டும்" என்று வந்து நிற்கும். அத்தைக்கு வாசித்துக் காட்டினால் கோயிலில் மந்திரம் கேட்பதுபோல் தலையாட்டுவார். போதாததற்கு இப்போது வருகிற சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். அதனால் தமிழில் வாசித்துவிட்டுச் சிங்களத்திலும் ஒரு தடவை சரிபார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. அதற்கு இந்த அறையின் நீள மேசைகள் நல்ல வசதி, மூன்று தொகுதியை விரித்து வைத்தாலும் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை இடிக்காது.

மூன்றாவது தடவை போனது என் சொந்த வேலைக்கு. பிரஜாவுரிமைச் சட்டம் பற்றி ஒரு ஒப்படை. வழக்கு அறிக்கைகள் உள் அறையில் இருக்கின்றன. எழுபதுகளின் கடைசிவரை நியூ லோ ரிப்போர்ட்ஸ் (என்.எல்.ஆர்.), அதற்குப் பிறகு ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ். என் குறிப்பில் இருந்தது "54 என்.எல்.ஆர். 433" மட்டும். ஐம்பத்து நாலாம் தொகுதி, நானூற்று முப்பத்து மூன்றாம் பக்கம். முதுகில் பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் நீல மையால் 54 என்று கையால் எழுதியிருந்தது. திறந்ததும் பழைய கடதாசி வாசம், நடுவில் யாரோ எப்போதோ அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் ஒன்று.

கொடக்கன் பிள்ளை எதிர் முதநாயக்க, பிரிவிக் கவுன்சில் (லண்டனில் இருந்த, அன்றைய இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றம்), 1953. றுவன்வெல்ல தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்ட ஒரு மனிதரின் வழக்கு. பிரஜை இல்லை என்று பதிவு அதிகாரி மறுத்துவிட்டார். மேன்முறையீட்டைக் கேட்ட மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. உயர் நீதிமன்றம் அவர் தீர்ப்பைக் கவிழ்த்தது, பிரிவிக் கவுன்சிலும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. பாடநூலில் இது ஆறு வரி. இங்கே முழுத் தீர்ப்பையும் வாசிக்கும்போது ஒரு இடத்தில் கண் நின்றுவிட்டது. இந்தியத் தமிழரின், அதாவது எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களின், இடம்விட்டு இடம் போகும் பழக்கம், அவர்கள் இந்த நாட்டுப் பிரஜைகளாவதற்குத் தகுதியா என்பதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விடயமாம். என் தாத்தா பிறந்த காம்பராவும் (லயத்து அறை) இறந்த காம்பராவும் ஒரே லயத்தில், இடையில் நாலு கதவு. அவர் இடம்பெயர்ந்தது அவ்வளவு தூரம்தான்.

அதே தட்டில் முந்தைய தொகுதியும் இருந்ததால் 53 என்.எல்.ஆர். 25இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் உடனே எடுத்துப் பார்க்க முடிந்தது. ஒன்று இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கும், கை நீட்டினால் அதுவும் அங்கேயே இருக்கும். இந்த வசதியை நான் வேறு எங்கும் அனுபவித்ததில்லை. பிரஜாவுரிமை இல்லாத எங்கள் ஆட்களை 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்ததும், மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டதும், கடைசியாக இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்ததும் ஒரே பகல் வாசிப்பில் கோத்துக்கொள்ள முடிந்தது. மதியம் சாப்பிடப் போகவில்லை. கொண்டுபோன ரொட்டியும் சம்பலும் பஸ்ஸில்தான் பிரித்தேன்.

கட்டணம் கட்டி வாங்கிய வெளிநாட்டுத் தரவுத்தளங்களும் உண்டு. ஹெயின்ஒன்லைன் பார்த்தேன். பழைய சட்டச் சஞ்சிகைகளை அச்சுப் பக்கம் அப்படியே தெரிகிற மாதிரி தருவது ஒப்படைக்குப் பெரிய உதவி, பக்க எண்ணைத் தைரியமாகக் குறிப்பிடலாம். ஆனால் வெளி வாசகர்களுக்கு இரண்டே கணினிகள், அதில் ஒன்று நான் உள்ளே போன ஒவ்வொரு தடவையும் மூடித் துணி போட்டிருந்தது. வீட்டிலிருந்து பார்க்க அனுமதி கிடையாது. ஒப்பந்தம் அப்படி, அதில் நூலகத்தைக் குறை சொல்ல முடியாது. அத்தையின் 378 நாளுக்கு அந்தத் தரவுத்தளத்தில் ஒன்றும் கிடைக்காது என்பது வேறு கதை.

இதையெல்லாம் வீட்டில் இருந்தே போனில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். கொஞ்சம் பார்க்கலாம். பாராளுமன்ற இணையத்தளத்தில் சட்டங்கள் மூன்று மொழியிலும் கிடைக்கின்றன, அரச அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் வர்த்தமானிகள், உயர் நீதிமன்றத் தளத்தில் அண்மைக்காலத் தீர்ப்புகள், லோநெட், கொமன்லீ என்று பழையவற்றுக்கும் தளங்கள் உண்டு. எல்லாம் இலவசம், நானும் தினமும் பார்க்கிறேன். எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைக்க பெரட்டுக் களம் (காலையில் வேலையாட்கள் கூடும் இடம்) வரை நடக்க வேண்டும், மழை நாளில் அதுவும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், தேடும் பெட்டியில் என்ன அடிக்க வேண்டும் என்று தெரியாதவளிடம் எந்தத் தளமும் "திருத்தம் பார்த்தீங்களா" என்று கேட்பதில்லை.

போட்டோகொப்பி ஒரு தனித் தலையிடி. பக்கத்துக்குப் பத்து ரூபா, அது பரவாயில்லை. ஆனால் நூலகம் மாலைவரை திறந்திருக்க, கொப்பி எடுக்கும் இடத்தை மூன்றரைக்கே மூடிவிடுகிறார்கள். மதியத்துக்குப் பிறகு வரிசை வேறு. போனில் படம் எடுக்கலாமா என்று மேசையில் இருந்தவரிடம் கேட்டேன், கூடாது என்றார். அடுத்த தடவை வேறொருவர் இருந்தார், தாராளமாக எடுங்கள் என்றார். ஏதாவது ஒன்றைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் நிம்மதி.

அத்தையின் விடயம்: சட்டத்தின் இலக்கம், பிரிவு, நாட்கணக்கு எல்லாம் போட்டுத் தமிழில் ஒரு கடிதம் எழுதி, கொப்பிகளை இணைத்து, தொழில் அலுவலகத்துக்கு ஒன்றும் தோட்டத்துக்கு ஒன்றும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பணம் இரண்டு தவணையாக வந்தது. மேலதிகக் கட்டணம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது, அடுத்த மாதம் மறுபடி ஒரு கடிதம் போடுவேன்.

போக நினைப்பவர்கள் கிழமை நாளில் காலையிலேயே போய்விடுங்கள், பரீட்சைக் காலத்தில் மாணவர்களுக்கே கதிரை கிடைக்காது. கடிதத்தில் திகதி இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். பென்சில் கொண்டுபோங்கள், பேனையை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள் அறை குளிரும், ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம். 54ஆம் தொகுதியை எடுத்தால் அந்த பஸ் டிக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.