600 ரெசிஸ்டர் கிட்: மதிப்பு துல்லியம், பட்டை படிப்பதுதான் பாடு

கால் வாட், 1 சதவீத (மதிப்பு அதற்கு மேல் விலகாத) மெட்டல் பிலிம் ரெசிஸ்டர்கள், அதாவது மின்தடைகள். 10 ஓம் முதல் 1 மெகா ஓம் வரை 30 மதிப்புகள், ஒவ்வொன்றிலும் 20. மல்டிமீட்டரில் வைத்தால் 10 கிலோ ஓம் 9.9-க்கும் 10.1-க்கும் நடுவில்தான் நிற்கிறது. மதிப்பில் குறை சொல்ல இடமில்லை.

சிக்கல் மதிப்பைக் குறிக்கும் நிறப்பட்டையில். சந்தன நிற கார்பன் பிலிமில் நான்கு பட்டைதான். தங்கப் பட்டை எந்த ஓரமோ அதுவே முடிவு. இந்த நீல ரெசிஸ்டரில் ஐந்து: மூன்று இலக்கம், ஒரு பெருக்கி (எத்தனை சுழியம் சேர்ப்பது என்பது), கடைசியில் 1 சதவீதத்தைக் குறிக்கும் பழுப்பு. இலக்கமாகப் பழுப்பு 1 என்பதால், மதிப்பு 1-இல் தொடங்கினால் முதல் பட்டையும் பழுப்பு. கடைசிப் பட்டை சற்றுத் தள்ளி இருந்தால் திசை தெரியும். இதில் எல்லாம் ஒரே இடைவெளி.

10 கிலோ ஓம் என்பது பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு (கறுப்பு 0, சிவப்பு 2). திருப்பிப் படித்தால் 120 ஓம்! அதேபோல் 1 கிலோ 110 ஆகும், 100 கிலோ 130 ஆகும். 120, 110, 130 மூன்றும் கடையில் கிடைக்கும் மதிப்புகள் என்பதால் சந்தேகமே எழாது. இந்தக் கிட்டில் அவை இல்லை. அப்படி வந்தால் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். வேறு சரக்கோடு கலந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். 10 கிலோ என்று நம்பி 120 ஓமைப் புல்-அப்பாக (பட்டன் இணைப்பை மின்வழங்கலோடு சேர்க்கும் ரெசிஸ்டராக) போட்டால், பட்டனை அழுத்தும்போது 5 வோல்ட்டில் 0.2 வாட், தொட்டால் சுடும். 12 வோல்ட்டில் 1.2 வாட், கருகிவிடும்.

நீலப் பின்னணியில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு பிரித்தறிவது கடினம். மஞ்சள் பல்பு வேண்டாம், வெள்ளை எல்இடியும் பூதக்கண்ணாடியும் வேண்டும். ஐயம் இருந்தால் அளந்துவிடுங்கள். போர்டில் இருந்தால் ஒரு காலைக் கழற்றிய பிறகே அளக்க வேண்டும். இல்லையேல் பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் மின்னோட்டம் போய், மதிப்பு குறைவாகக் காட்டும். 1 மெகா ஓமை இரு கை விரல்களாலும் பிடித்து அளந்தாலும் அதே கதைதான்: உடம்பும் இணையாகச் சேர்ந்துகொள்ளும்.

கால்கள் மெல்லியவை, ப்ரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பலகையில்) தளர்ந்து நிற்கும். மதிப்பு எழுதிய காகித நாடாவை முழுதாக உரித்துவிடாதீர்கள், தேவைக்கு மட்டும் வெட்டுங்கள்.

15, 22, 33 கிலோ ஓம் இல்லாதது பெரிய குறை. அவசரத்துக்கு 10 கிலோவும் 5.1 கிலோவும் தொடராக வைத்தால் 15.1 கிலோ, 20 கிலோவும் 2.2 கிலோவும் 22.2 கிலோ, மூன்று 100 கிலோவை இணையாக வைத்தால் 33.3 கிலோ.