உடனிருந்த பதினொரு நாள்: ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சேவை குறித்து

என் மதினியின் இடது பாதத்தில் உடைமுள் தைத்த புண் புரையோடிப் போனதால், தென்மாவட்டங்களில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் அறுவை மருத்துவப் பிரிவில் பதினொரு நாள் உடனிருக்க நேர்ந்தது. எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. 1965-ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலத்தில், இந்தப் பக்கத்தில் பெரிய நோய் என்றால் ஹைகிரவுண்டு (அந்தக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கும் இடம்), அதையும் தாண்டினால் மதுரை என்றுதான் பேச்சிருந்தது. பிறகு 2000-ல் தூத்துக்குடி, 2001-ல் ஆசாரிபள்ளம், 2022-ல் விருதுநகர் என்று கல்லூரிகள் வந்துவிட்டன. தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. நான் கண்டவை இவற்றில் எங்கும் நடக்கக்கூடியவை என்பதாலும், ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கமில்லை என்பதாலும் பெயரை விட்டுவிடுகிறேன். நான் முப்பத்தொரு ஆண்டு செவிலியர் பயிற்றுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆகவே இதை உறவுக்காரியின் கண்ணாலும் பழைய வாத்தியாரம்மாவின் கண்ணாலும் பார்த்து எழுதியதாக வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மதினி முக்கூடல் பக்கம் பீடி சுற்றுபவர். பதினாறு ஆண்டுச் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போய், முள் தைத்ததே நான்கு நாள் கழித்து வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. சேர்க்கை வேலை நான் பயந்த அளவுக்கு இழுக்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைச் சரிபார்க்கும் இடத்தில் இருந்த பெண் பொறுமையாக இருந்தார். எந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டும் என்று ஒரு முறை சொன்னதே போதுமானதாக இருந்தது. கழிப்பறை காலையில் சுத்தமாகவும் மாலையில் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்படியும் இருந்தது. தூய்மைக்காக மத்திய அரசு 2015-ல் காயகல்ப் விருதைத் தொடங்கிய பிறகு மருத்துவமனைகளின் காலை நேரம் தேறிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு. மாலை நேரத்துக்கும் ஒரு விருது வைத்தால் நல்லது.

இந்த மதிப்புரையின் சாரம் ரவுண்ட்ஸில்தான் இருக்கிறது. யூனிட்டின் தலைமைப் பேராசிரியர் காலை எட்டு மணிக்கு முன்பே வார்டில் இருப்பார். அவருக்குப் பின்னால் உதவிப் பேராசிரியர், மூன்று பட்டமேற்படிப்பு மருத்துவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள் என்ற பயிற்சி மருத்துவர்கள், நோட்டும் கையுமாக மாணவர்கள் என்று ஏறக்குறைய பதினைந்து பேர் வருவார்கள். ஒரு கட்டிலை விட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவர் கட்டில் கால்மாட்டில் தொங்கிய கைத்தேய்ப்பு மருந்தை அழுத்தி, விரல் இடுக்கு வரை நிதானமாகத் தேய்த்துக்கொள்வார். யாரையும் திரும்பிப் பார்ப்பதோ அறிவுரை சொல்வதோ கிடையாது. பின்னால் வந்த பதினைந்து பேரும் வரிசையாகத் தேய்த்துக்கொண்டார்கள். கை கழுவும் ஐந்து தருணங்கள் என்ற படத்தைச் சுவரில் ஒட்டி, தேர்விலும் கேட்டு, ஆண்டுக்கணக்கில் நான் பட்ட பாட்டை இந்த மனிதர் வாய் திறக்காமல் செய்து முடித்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கற்பித்த விதமும் நன்றாகவே இருந்தது. மதினியின் பாதத்தைத் தொடுவதற்கு முன், “பிள்ளைகள் படிக்கணும், தொட்டுப் பார்க்கட்டுமாம்மா?” என்று கேட்டார். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் எங்கெங்கே உணர்ச்சி இல்லை என்று மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார். புறங்காலில் நாடித்துடிப்பு கிடைக்கும் இடத்தை ஒரு மாணவியின் விரலைப் பிடித்துக் காட்டினார். கடைசியில், இனி செருப்பில்லாமல் களத்துமேட்டுக்குப் போகக் கூடாது, ராத்திரி படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று மதினியிடமும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். 2019-ல் சேர்ந்த மாணவர்கள் முதல் நடப்பிலுள்ள மருத்துவப் பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை ஆகியவை தனிப் பகுதியாகவே இருக்கின்றன. அந்தப் பகுதி இந்தக் கட்டிலோரத்தில் ஐந்து நிமிடத்தில் நடந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலை ரவுண்ட்ஸில் அதே பேராசிரியர், மருந்தின் குமட்டலால் மதினிக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதைக் கேட்டறிந்து, இரவு இன்சுலினை 14 யூனிட்டிலிருந்து 8 ஆகக் குறைக்கச் சொன்னார். சரியான முடிவு. முதலாண்டுப் பட்டமேற்படிப்பு மருத்துவர் அதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த நிமிடமே அறுவை அரங்கிலிருந்து அழைப்பு வந்தது. சீட்டு சட்டைப்பையோடு அரங்குக்குப் போய்விட்டது. சிகிச்சைத் தாளில் 14 என்பது அப்படியே நின்றது. மாலையில் பணி மாறியபோது “பழையபடிதான், புதுசா ஒண்ணுமில்ல” என்ற ஒரு வரியோடு நாற்பது நோயாளிகளின் பொறுப்பு கைமாறியதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரவுப் பணிச் செவிலியர் தாளில் உள்ளபடி 14 யூனிட் போட்டார். அவர்மேல் குற்றமே இல்லை. காலையில் 8 என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தும், ஊசி போட்ட நேரத்தில் நான் மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தேன்.

பின்னிரவு இரண்டே முக்கால் மணிக்கு மதினி என் கையைப் பிடித்து, “ஏட்டி, வேத்து விறுவிறுக்கு, கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருது” என்றார். பரிசோதித்தபோது சர்க்கரை 52-க்கு இறங்கியிருந்தது. நினைவு தெளிவாக இருந்ததால் செவிலியர் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, குளுக்கோஸ் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதித்தார். அரை மணி நேரத்தில் 91 வந்தது. நாற்பது கட்டிலுக்கு ஒற்றை ஆளாக நின்ற அந்தப் பெண்ணின் கை நடுங்கவில்லை. இந்த மருத்துவமனைக்கு மதிப்பெண் போட வேண்டுமென்றால் முதல் மதிப்பெண் அவருக்குத்தான்.

மறுநாள் காலை பேராசிரியர் யார் செய்தது என்று கேட்டார். முதலாண்டு மருத்துவர் மறைக்கவில்லை. தாளில் ஏற்ற மறந்துவிட்டேன் என்று தானே முன்வந்து சொன்னார். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம், நாற்பது நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் கேட்க, அந்தப் பையன் வாங்கிய ஏச்சை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அவன் காதுமடல் சிவந்ததைப் பார்த்த மதினி, “பாவம், எம்பேரன் வயசு இருக்கும். எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே” என்று என்னிடம் முணுமுணுத்தார்.

இதன் விளைவு இரண்டு நாளில் தெரிந்தது. புண்ணில் எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்று பார்க்க அனுப்பிய சீழ் மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. ஹவுஸ் சர்ஜன் ஒருவர் உச்சிப்பொழுதில், ரவுண்ட்ஸ் எல்லாம் முடிந்த பிறகு, ஓசையில்லாமல் இரண்டாம் முறை மாதிரி எடுத்துக்கொண்டு போனார். முதல் மாதிரி என்னவாயிற்று என்று கேட்டதற்கு, “பெரியவங்ககிட்டச் சொல்லிராதீங்க மேடம்” என்றார். ரவுண்ட்ஸில் பேராசிரியர் கேட்டபோது, முடிவு இன்னும் வரவில்லை என்று மட்டும் சொல்லப்பட்டது. அது பொய் இல்லை, உண்மையும் இல்லை. கை தேய்ப்பதை அவரிடமிருந்து பார்த்தே கற்றுக்கொண்ட அதே பதினைந்து பேர், தவற்றைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதையும் அவரிடமிருந்துதான் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அந்த வாரத்திலேயே இரண்டாமாண்டு மருத்துவர் ஹவுஸ் சர்ஜனை அதே குரலில் ஏசியதையும், ஹவுஸ் சர்ஜன் செவிலியர் மாணவியை ஏசியதையும் பார்த்தேன். சொற்கள்கூட மாறவில்லை.

மருத்துவம் கற்பிக்கும் இடங்களில் இது பழைய கதை. வியன்னா பொது மருத்துவமனையில் 1847-ல் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், மருத்துவ மாணவர்கள் பயிலும் பேறுகாலப் பிரிவில் செவிலித்தாய்மார் பயிலும் பிரிவைவிட மிகுதியாகத் தாய்மார்கள் இறப்பதற்குக் காரணம், பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராக வரும் கைகள்தான் என்று கண்டு, குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். சில மாதங்களில் இறப்பு சரிந்தது. ஆனால் அவருடைய தலைமைப் பேராசிரியர் அதை ஏற்கவில்லை. 1849-ல் செம்மல்வெய்ஸின் பணிக்காலம் நீட்டிக்கப்படவும் இல்லை. செவிலியர் வகுப்பில் இதைக் கை சுத்தத்துக்கான பாடமாகத்தான் நான் நடத்தி வந்தேன். கீழே இருப்பவன் கொண்டுவரும் கசப்பான செய்தியை மேலே இருப்பவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதும் அதில் இருக்கிறது என்பது இந்த வார்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

பணி மாறும் நேரத்தில் தகவல் சிந்திப்போவதற்கும் மருந்து இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 9 குழந்தை மருத்துவப் பயிற்சி மையங்களில், பொறுப்பை ஒப்படைக்கும்போது நோயின் கடுமை, சுருக்கம், செய்ய வேண்டியவை, எதிர்பாராதது நடந்தால் என்ன செய்வது என்று ஒரே வரிசையில் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி மருத்துவத் தவறுகள் 23 விழுக்காடும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடும் குறைந்தன. ஒரு நோயாளிக்குச் செலவான நேரமோ முன்பும் பின்பும் ஏறத்தாழ இரண்டரை நிமிடம்தான். நாற்பது கட்டில், ஒரு செவிலியர் என்ற நம் கணக்கில் இரண்டரை நிமிடம் என்பதே ஆடம்பரம் என்று சிலர் சொல்லக்கூடும். மருந்தளவு மாறிய ஏழெட்டுப் பேருக்காவது அதைச் செய்யலாம் என்பது என் கட்சி.

அப்படிச் செய்தவரையும் அதே யூனிட்டில் பார்த்தேன். சனிக்கிழமை பேராசிரியர் வெளியூர் போயிருந்ததால் உதவிப் பேராசிரியர் ரவுண்ட்ஸ் எடுத்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. மதினியின் கட்டிலுக்கு வந்ததும் அன்றிரவு நடந்ததை அவரே எடுத்து, “இது கட்டிலிலிருந்து தாளுக்கு எந்த இடத்தில் விட்டுப்போச்சு? நடந்தே பார்ப்போம்” என்றார். முதலாண்டு மருத்துவரும் செவிலியரும் அவரும் கட்டில், மேசை, அரங்கின் வாசல் என்று நிஜமாகவே நடந்து பார்த்தார்கள். சிகிச்சைத் தாள்கள் அத்தனையும் செவிலியர் மேசையில் இருப்பதால்தான் துண்டுச் சீட்டே பிறக்கிறது என்று சொன்னவர் செவிலியர். ரவுண்ட்ஸில் அதுவரை அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. அன்றிலிருந்து தாள்கள் ரவுண்ட்ஸோடு ஒரு தள்ளுவண்டியில் வந்தன. மருந்தளவு மாறினால் அடுத்த கட்டிலுக்கு நகரும் முன் தாளில் எழுதிச் செவிலியர் கையெழுத்திட வேண்டும் என்று ஆயிற்று. அன்று பிற்பகல் அந்த ஹவுஸ் சர்ஜன், காணாமல் போன மாதிரியைப் பற்றி உதவிப் பேராசிரியரிடம் தானே போய்ச் சொன்னதாக என்னிடம் வந்து சொன்னார். முகம் தெளிந்திருந்தது.

இந்திய மருத்துவப் பட்டதாரிக்குப் பாடத்திட்டம் ஐந்து பொறுப்புகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, சிகிச்சைக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருப்பது. அந்தப் பாடத்தை நடத்த வேண்டியவர்களின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரையும் மருத்துவக் கல்வி குறித்த அடிப்படைப் பயிற்சியும் கேட்கப்படுகின்றன, நல்லதுதான். உதவிப் பேராசிரியர் அந்தச் சனிக்கிழமை செய்த காரியம் எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் ஏறும் என்று எனக்குத் தெரியவில்லை. தரச்சான்று வாங்கப் பதிவேடுகளைச் சீராக வைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை, இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து வார்டுப் பொறுப்பில் வைப்பதில் நிர்வாகம் காட்டலாம்.

வீடு திரும்பும் நாளைப் பற்றிக் குறை உண்டு. காலை பத்து மணிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். தாள் கைக்கு வந்தபோது மணி நான்கு. அதில் இன்சுலின் அளவு ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துப் போன்ற எழுத்தில் இருந்தது. மதினிக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். நான் ஒரு வெள்ளைத்தாளில் காலை, இரவு என்று சூரியனும் நிலாவும் வரைந்து அளவை எழுதிக் கொடுத்தேன். உடனிருக்க ஒரு பழைய நர்ஸ் இல்லாத வீட்டில் அந்தத் தாளை யார் வாசித்துச் சொல்வார்கள்?

மருத்துவமனையின் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதலாண்டு மருத்துவரைக் காட்டிக்கொடுக்கும்படி அதில் எதுவும் இல்லை. இரவுச் செவிலியரையும் உதவிப் பேராசிரியரையும் பாராட்டியும், பேராசிரியரின் கற்பிக்கும் திறனைப் பாராட்டி ஏச்சைப் பற்றி வருந்தியும் எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. சிகிச்சையைப் பொறுத்தவரை, இரண்டு விரல் போகும் என்று பயந்த இடத்தில் ஒரு விரலும் போகாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் கேட்டால் இதே இடத்துக்குத்தான் போகச் சொல்வேன். மருந்தளவு மாறும்போதெல்லாம் தாளில் ஏறியதா என்று கேட்டுக்கொள்ளும்படியும் சொல்வேன். கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு உண்டு. என்னிடம் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கட்டு மாற்றப் போனபோது வார்டை எட்டிப் பார்த்தேன். தள்ளுவண்டி அங்கேயே நின்றது. செவிலியர் மேசையில் பணி மாற்றத்துக்கென்று ஒரு நோட்டு இருந்தது; அச்சடித்தது இல்லை, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது; ‘இன்று மாறியவை’ என்று ஒரு பத்தியின் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தது. பேராசிரியர் ரவுண்ட்ஸில் இருந்தார். அவரும் அந்த நோட்டை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுக் கை தேய்த்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். வரும் வியாழக்கிழமை மறுபடி கட்டு மாற்றப் போகிறோம்.