காலடிப்பேட்டை பிரவுசிங் சென்டர்: பேரைக் கேட்கிறார்கள், ஊருக்குச் சொல்வதில்லை

காலடிப்பேட்டை மெட்ரோவில் இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்தால், சந்து முனையில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் சேவை என்று மஞ்சள் போர்டு போட்ட ஒரு சின்ன பிரவுசிங் சென்டர். ஐந்து சிஸ்டம், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், அவ்வளவுதான். வடசென்னையில் இந்த மாதிரிக் கடை தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் நம்முடைய தகவலை நம்முடையதாகவே மதிக்கிற கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், அதனால் வழியில் இருக்கிற மற்ற கடைகளை விட்டுவிட்டு இங்கே போகிறேன்.

முதலில் அந்தப் பதிவேடு. சைபர் கஃபேக்கு என்று 2011இல் மத்திய அரசு விதி போட்டது. உள்ளே வருபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பேர் முகவரி, வந்த நேரம், போன நேரம் எழுதி வைக்க வேண்டும், அதை ஒரு வருஷம் பாதுகாக்க வேண்டும். தடுப்பு வைத்தால் நாலரை அடிக்கு மேல் உயரம் கூடாது, தடுப்பு இல்லாத சிஸ்டத்தின் திரை வெளிப்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். சரி, சட்டம் சட்டம்தான். ஆனால் பல கடைகளில் அந்த நோட்டைத் திறந்தபடியே மேசையில் போட்டிருப்பார்கள். எனக்கு முன்னால் வந்த பெண்ணின் பேரும் போன் நம்பரும் எனக்குத் தெரியும், என்னுடையது எனக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். இந்தக் கடையை நடத்தும் அக்கா பழைய காலண்டர் அட்டையில் ஒரு வரி உயரத்துக்கு நீளமாக வெட்டி நோட்டின் மேல் வைத்திருக்கிறார். அந்த இடைவெளியில் நீங்கள் எழுத வேண்டிய வரி மட்டும்தான் தெரியும். எழுதி முடித்ததும் அட்டையை அவரே கீழே நகர்த்திவிடுவார். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் வேறு எந்தக் கடையிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

அடுத்தது பிரிண்ட். எல்லா ஜெராக்ஸ் கடையிலும் ஒரே பாட்டுதான், "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க." நம்முடைய ஆதார், மார்க்‌ஷீட், பேங்க் பாஸ்புக், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் போனில் காலத்துக்கும் கிடக்கும். நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு கடையில், என் சம்பளச் சீட்டு அடுத்த வாரமும் டெஸ்க்டாப்பில் அப்படியே இருந்தது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இங்கே பென் டிரைவ், இல்லையென்றால் உங்கள் மெயிலை நீங்களே திறந்து எடுக்க வேண்டும். பிரிண்ட் வந்ததும் ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். போன வாரம் ஒரு பையன் வாடகை வீட்டுக்கு ஆதார் நகல் கேட்டு வந்தான். "இன்னா தம்பி, வீட்டுக்காரருக்குத்தானே? கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியிற ஆதார் இருக்கு, அத்த எடுத்துத் தர்றேன், அது போதும்" என்றார். அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

சுவரில் தமிழில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்ற பதிவு சட்டப்படி ஒரு வருஷம் இங்கே இருக்கும், முறைப்படி கேட்கும் அதிகாரியைத் தவிர யாருக்கும் காட்டமாட்டோம் என்று. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். இங்கே உட்கார்ந்தால் நீங்கள் யாரென்றே தெரியாது என்று பொய் சொல்வதில்லை. எதை வைத்துக்கொள்கிறோம், எதை அழிக்கிறோம், யாரிடம் கொடுப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு உட்காருவதா வேண்டாமா என்பது நம் முடிவு.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் எங்கள் ஏரியாவில் கொஞ்ச நாள் இருந்து பார்க்க வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுப்பாகின. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். மணலி, எண்ணூர் பக்கம் பல வீடுகளில் யாராவது ஒருத்தர் சுற்றியுள்ள கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருப்பார். ராத்திரி நாற்றம் தாங்கவில்லை என்று இணையத்தில் சொந்தப் பேரில் படத்தோடு போட்டால் மறுநாள் வேலை இருக்குமா என்ற பயம் அந்த வீட்டுக்கு உண்டு. கருத்துச் சுதந்திரம் என்று பெரிதாகப் பேசுகிறோமே, பேரை மறைக்க வழியில்லை என்றால் அந்த மனுஷனுக்கு அது எங்கிருந்து வரும்? இணையத்தில் எழுதியதற்காகவே ஆளைக் கைது செய்ய வழிவிட்ட ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, ஆனாலும் "எதுக்கு வம்பு" என்று வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் போகவில்லை.

பேரில்லாத கணக்கிலிருந்து பெண்களை அசிங்கமாகத் திட்டுகிறார்களே என்றால், உண்மைதான், அந்த வலி சின்னதில்லை. 2018இல் நம் பாரிமுனை உயர்நீதிமன்றத்திலேயே, சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரையோ வேறு அரசு அடையாளத்தையோ இணைக்க வேண்டும் என்று வழக்கு வந்தது. ஆதாரை இணைக்க நீதிமன்றம் முன்வரவில்லை, வழக்கு அப்புறம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. என் கருத்து, தப்பு செய்தவனைத் தேடிப்பிடிக்கப் போலீசுக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது, அதற்காக எல்லோர் நெற்றியிலும் நம்பர் ஒட்ட வேண்டியதில்லை. மத்திய அரசின் சைபர் கிரைம் புகார் தளத்திலேயே, பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படம், வீடியோ பற்றிய புகாரைப் பேர் சொல்லாமல் கொடுக்க வசதி வைத்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்கும் அந்த மறைவு தேவைப்படுகிறது.

ரேட்டுக்கு வருகிறேன். மணிக்கு 30 ரூபாய், எந்தத் தளம் பார்த்தாலும் அதே 30 ரூபாய். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், வேறொரு சென்டரில் யூடியூப் என்றால் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கினார்கள், பாடம் பார்க்க வந்த பிளஸ் டூ பிள்ளைகளிடமும். தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைப்பதைத்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8ஆம் தேதி போன் கம்பெனிகளுக்குத் தடை செய்தது. அதற்கு முந்தின வருஷம் 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் டிராய்க்குப் போனது, சாதாரண ஜனங்கள் அனுப்பியவை. 2018இல், எந்தத் தளத்துக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்ற இணையச் சமநிலைக் கொள்கைக்கு அரசும் ஒப்புதல் கொடுத்தது. சந்துக்கடைக்கு அந்தத் தடை பொருந்தாதுதான், ஆனால் இணைப்பைக் கொடுப்பவர் நாம் எதைப் பார்க்கிறோம் என்று பார்த்து விலை சொல்லக்கூடாது என்ற நியாயம் இங்கேயும் அதேதான்.

மனு டைப் செய்ய 20 ரூபாய். தகவல் உரிமை மனுவில் தகவல் எதற்கு என்று காரணம் எழுத வேண்டியதில்லை, தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர வேறு சொந்த விவரமும் வேண்டாம், சட்டத்தின் 6(2) பிரிவிலேயே இருக்கிறது. இது தெரியாமல் போன் நம்பர், வேலை, அப்பா பேர் எல்லாம் எழுதி வைக்கும் டைப்பிஸ்ட்களைப் பார்த்திருக்கிறேன். இந்த அக்கா எழுதுவதில்லை. தபால் பெட்டி எண் கொடுத்தால் முழு முகவரிக்கு வற்புறுத்தக்கூடாது என்று 2013இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் சொன்னதையும் அவருக்குச் சொன்னேன், உடனே ஒரு துண்டுச் சீட்டில் குறித்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

குறைகளும் இருக்கின்றன. நாற்காலி இரண்டு ஆடுகிறது, மத்தியானம் உள்ளே புழுக்கம் தாங்காது, கீபோர்டில் தமிழ் ஸ்டிக்கர் தேய்ந்துவிட்டது. திரையெல்லாம் வெளிப்பக்கம் பார்த்திருப்பதால் பேங்க் வேலையை இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். கலர் பிரிண்ட் கோடு கோடாக வருகிறது, போட்டோ எடுக்க வேறு கடை பாருங்கள். ஞாயிறு மத்தியானத்தோடு மூடிவிடுவார்கள்.