உடைந்த கடையை ராத்திரியோடு ராத்திரியாக அடைத்துத் தருகிறவர்கள்: கொருக்குப்பேட்டை பாய் குழு

வடசென்னையில் கடை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஷட்டர் ரிப்பேருக்கு ஆள் உண்டு, கண்ணாடி மாற்ற ஆள் உண்டு, கொத்தனாரும் உண்டு. ஆனால் எல்லோரும் காலை பத்து மணிக்கு மேல்தான். ராத்திரி ஒரு மணிக்கு முன்பக்கம் மொத்தமாக உடைந்து தொங்கினால், விடிவதற்குள் பலகை அடித்து, பூட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போக ஒரு கூட்டம் இருக்கிறது. போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாய், அவரோடு மூன்று பையன்கள், ஒரு குட்டியானை வண்டி. என் கணக்கில் நாலு நட்சத்திரம்.

என் கடை பழைய வண்ணாரப்பேட்டையில், டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருக்கிறது. மருந்துக் கடை. தனியார் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்து நேராக ஷட்டரில் வந்து உட்கார்ந்தது. ஷட்டர் ஏறி இறங்குகிற இடது பக்கக் கைடு வளைந்து, பட்டைகள் அதிலிருந்து கழன்று, உள்ளேயிருந்த கண்ணாடிக் கதவும் ஷோகேஸ் கண்ணாடியும் போயின. உள்ளே போகலாம் என்று ஷட்டரைத் தூக்கினால் பாதியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

வேறு கடையாக இருந்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடியும்வரை காவல் இருந்திருப்பேன். மருந்துக் கடையில் அது ஆகாது. உள்ளே தூக்க மாத்திரை இருக்கிறது. அல்பிரசோலம் மாதிரி எச்1 பட்டியல் மருந்துகளை யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில், எத்தனை கொடுத்தோம் என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஒரு அட்டை காணாமல் போனாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான். வலி மாத்திரையைப் போதைக்குக் கேட்டு வருகிற பையன்களை இந்த ஏரியாவில் மருந்துக் கடை நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரி முகங்கள் இரண்டு அந்த நேரத்துக்கே எதிர்த் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தன.

இணையத்தில் தேடி, இருபத்துநாலு மணி நேரமும் வருவோம் என்று போட்டிருந்த ஒரு கம்பெனிக்குத்தான் முதலில் அடித்தேன். நன்றாகத்தான் பேசினார்கள். இடத்தைச் சொன்னதும் குரல் மாறியது. "அந்த சைடா மேடம், காலையில பார்த்துக்கலாமே?" இந்தக் குரலை நாங்கள் டாக்ஸி, கூரியர், கல்யாண சமையல் என்று எல்லாவற்றிலும் கேட்டிருக்கிறோம். புதிதில்லை.

பாய் நம்பர் கொடுத்தது ஒரு மீன்கார அக்கா. காசிமேடு ஏலத்துக்குக் கூடையோடு போய்க்கொண்டிருந்தவர் கூட்டத்தைப் பார்த்து நின்றார். "எங்க தெருவுல சுவரு வுழுந்தப்போ அவர்தாம்மா வந்து அடிச்சாரு. தூங்கமாட்டாரு, போடு" என்றார். போட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தார்.

போனிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. என்ன உடைந்தது என்று அவர் ஆரம்பிக்கவில்லை. "யாருக்காவது அடி பட்டுச்சாம்மா? மெயின ஆஃப் பண்ணியாச்சா? லாரி தூணுல இடிச்சுதா, ஷட்டர்ல மட்டுமா? கட்டடம் எத்தன வருசத்துது?" எல்லாம் கேட்ட பிறகுதான் அகலம், உயரம். கூலி, வண்டி, ஒரு வாரப் பலகை வாடகை எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடியும், மேலே போவதாக இருந்தால் வேலையைத் தொடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன் என்றார். தனியாக மூவாயிரம் அட்வான்ஸ், பலகை திரும்பி வந்ததும் திருப்பித் தருவது. "நான் வர்ற வரைக்கும் எதையும் கூட்டாதீங்க, நகத்தாதீங்க. வண்டி நம்பரோட போட்டோ எடுத்து வைங்க."

அவர்கள் வந்துசேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. காரணம் கொருக்குப்பேட்டை கேட். துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி ராத்திரி பகல் பார்ப்பதில்லை. இதற்காக அவருக்கு மார்க் குறைப்பது நியாயமில்லை. அந்த கேட்டில் நிற்காதவர் யார்?

அந்த நேரத்தில் நான் இன்சுலினைப் பார்த்துக்கொண்டேன். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மெயினோ ஆஃப். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் ஜெல்லை வைத்து, மேலே துணியைச் சுற்றி, அதன் மேல் மருந்தை அடுக்கினேன். ஐஸ் நேராகப் பட்டு உறைந்துபோனாலும் அது வீண்தான். பெட்டியை வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்பினேன்.

வந்ததும் பையன்கள் பலகையை இறக்கப் போனார்கள். பாய் விடவில்லை. டார்ச்சை எடுத்து முதலில் உத்தரத்தைப் பார்த்தார். எங்கள் கட்டடம் பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மாடி. இரும்பு ஜாக்கி இரண்டைக் கொண்டுவந்து, அடியில் ஒரு கட்டையைப் போட்டு, வாசலுக்கு மேலே போகும் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார். விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நான் சொன்னேன். "தெரியற வரைக்கும் எதுக்கும்மா காத்திருக்கணும்?"

அடுத்தது கண்ணாடி. கதவு டஃபன்டு கண்ணாடி, அது உதிர்ந்து கல்கண்டு போலத் தரையெல்லாம் கிடந்தது. அதில் பெரிய ஆபத்து இல்லை. ஷோகேஸ் சாதாக் கண்ணாடி. அது சட்டத்திலேயே கத்தி கத்தியாக நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்த ஆட்களெல்லாம் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அங்கேயே நாலு பேருக்கு ரத்தம் வரும். பாயின் பையன் பழுப்பு டேப்பை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக அந்தக் கண்ணாடி முழுக்க ஒட்டினான். பின்பக்கம் கோணிப்பையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். ஓரத்து மரச் சட்டத்தை உளியால் நெம்பியதும் மொத்தக் கண்ணாடியும் டேப்போடு சேர்ந்து, மடிந்து, சத்தமே இல்லாமல் கோணிக்குள் போனது. இருபது வருஷக் கடைக்காரி நான், இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை.

பிறகுதான் பலகை. சென்ட்ரிங் வேலைக்குப் பயன்படுத்துகிற 12 எம்எம் பிளைவுட், எட்டடிக்கு நாலடி. சிமென்ட் கறையோடு, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். நான் ஹில்டி மெஷின் எங்கே என்று கேட்டேன். சுவரில் ஓட்டை போட்டு ஆங்கர் போல்ட் அடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வண்டியிலிருந்து மெஷினை இறக்கவே இல்லை. சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஆங்கர் பிடிக்காது, மெஷின் அதிர்ச்சியில் உள்சாந்து பொடிப்பொடியாக உதிரும், ஏற்கெனவே லாரி ஆட்டிய சுவரை நாமும் ஆட்டக்கூடாது என்றார். அதற்குப் பதில் வாசலுக்கு உள்பக்கம், சுவரின் இரண்டு ஓரத்தையும் தாண்டி நீளுகிற மாதிரி தடியான ரீப்பர் கட்டைகளைக் குறுக்கே வைத்தார்கள். வெளியே பலகை, உள்ளே கட்டை, இரண்டையும் சேர்த்து நீள போல்ட். முடுக்க முடுக்க நடுவில் சுவரைக் கவ்விக்கொள்கிறது. சுவரில் ஒரு ஓட்டை இல்லை.

அந்த போல்ட்டையும் சொல்ல வேண்டும். வெளியே தெரிகிற தலை உருண்டை, மழமழவென்று இருக்கும். ஸ்பேனரோ ஸ்க்ரூ டிரைவரோ பிடிக்க இடமே கிடையாது. நட்டு, வாஷர் எல்லாம் உள்ளே. ஆணி என்றால் கடப்பாரையால் ஒரு நெம்பு போதும். எதிர்த் திண்ணைப் பையன்கள் அந்தத் தலையை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒரு பலகையை மட்டும் கதவாக விட்டார்கள். கீல் உள்பக்கம், வெளியே கொண்டி, அதற்கு என் பழைய பூட்டு. ஷட்டர் பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த சந்துக்குத் தகர ஷீட்டைச் சரிவாக வெட்டி வைத்தார்கள், மழை வந்தால் தண்ணீர் தெருவில் விழும்படி. காலையில் வழக்கமான நேரத்துக்குக் கடை திறந்தேன். பலகைக் கதவு வழியாகக் குனிந்து நின்று மாத்திரை வாங்கிப் போனார்கள்.

ஆணியா போல்ட்டா என்பதில் எனக்குச் சொந்தமாக ஒரு பாடம் உண்டு. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். தண்டையார்பேட்டையில் என் தங்கை வீட்டு வடக்கு ஜன்னலுக்கு ஒரு தச்சர் வெளியிலிருந்து பலகை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தார். வடக்கிலிருந்து காற்று மோதியவரை பலகை அசையவில்லை. நடுவில் புயலின் கண் கடந்தபோது ஒரு அமைதி வந்தது, எல்லோரும் முடிந்தது என்று வாசலுக்கு வந்தார்கள். அப்புறம் காற்று தெற்கிலிருந்து திரும்பியதும் அதே பலகை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு பக்கத்து மாடிக்குப் போனது. இதைப் பாயிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "காத்து தள்ளும்னுதாம்மா எல்லாரும் நெனைக்கிறாங்க. இழுக்கறதுதான் ஜாஸ்தி. அன்னிக்கி எங்களுக்கு அதே வேலைதான், பறந்து போன பலகையத் தேடறது."

இனி குறைகள். முதலாவது, பில். பில் புத்தகம் கிடையாது, ஜிஎஸ்டி எண் கிடையாது. கடைக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்கிற இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் வந்த பாலிசி, கட்டடம், சரக்கு எல்லாம் சேர்த்து மதிப்பு 5 கோடிக்குள் இருக்கிற சின்ன வியாபாரத்துக்கானது, வண்டி மோதிய சேதமும் அதில் வரும். சேதத்தை மதிப்பிட சர்வேயர் வந்தார், போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து வாங்கிய சிஎஸ்ஆர் ரசீதைப் பார்த்தார், போட்டோக்களைப் பார்த்தார், அடைத்த செலவுக்கு பில் எங்கே என்றார். பாயிடம் கேட்டால் ஒரு கோடு போட்ட நோட்டுத் தாளில் கூலி இவ்வளவு, வண்டி இவ்வளவு, வாடகை இவ்வளவு என்று அழகான கையெழுத்தில் எழுதித் தந்தார். தலைப்பும் இல்லை, சீலும் இல்லை. அதற்காக நான் அலைந்த அலைச்சல் தேவையில்லாதது. குறைத்த ஒரு நட்சத்திரம் இதற்குத்தான். இத்தனை சுத்தமாக வேலை செய்கிறவர் ஒரு ரசீதுப் புத்தகம் அச்சடிக்க மாட்டாரா? ஆனால் பலகை வைப்பதற்கு முன், வைத்த பின் என்று பையன் தேதியோடு எடுத்து அனுப்பிய படங்கள்தான் சர்வேயரிடம் எனக்காகப் பேசின. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, கடைக்குள் விழுந்த கண்ணாடியை அள்ளினார்கள், தெருவில் சிதறியதைத் தொடவில்லை. "அது எங்க வேலை இல்லக்கா" என்றான் சின்னவன். கார்ப்பரேஷன் ஆட்கள் வருவதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று நானே துடைப்பம் எடுத்தேன்.

மூன்றாவது, வாடகை. ஒரு வாரத்துக்கு மேல் போனால் பலகைக்கு ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். கேட்க ஒன்றும் இல்லை போலத்தான் தெரியும். ஷட்டர்க்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தால் ஏறிக்கொண்டே போகும். ஷட்டர்க்காரரிடம் தேதி வாங்கிய பிறகு பலகைக் கணக்கைப் பேசுங்கள்.

பாய் மேல் சொல்ல முடியாத குறை ஒன்றும் உண்டு. வெறும் பலகையைக் கண்டால் நம்ம ஊரில் போஸ்டர் ஒட்டாமல் விடுவார்களா? மறுநாளே என் மருந்துக் கடை முகப்பில் பெரிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வழக்கமாகச் சர்க்கரை மாத்திரை வாங்குகிற பெரியவர் வாசலிலேயே நின்று, "யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்றார். கிழித்தேன். அடுத்த நாள் மஞ்சள் நீராட்டு விழா வந்தது. அதை விட்டுவிட்டேன், கடைக்குப் பொருத்தமாகக் கொஞ்சம் சந்தோஷமாகவாவது இருந்தது.

பலகையைக் கழற்ற வந்த அன்று பாய் வரவில்லை, பையன்கள் மட்டும். நட்டைத் தளர்த்தி, கட்டையை எடுத்து, போல்ட்டுகளை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டார்கள். சுவரில் கவ்விய இடத்தில் பெயின்ட் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். போஸ்டர் ஒட்டிய பலகையைச் சுத்தம் செய்ய நூறு ரூபாய் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் தந்தார்கள். அந்த நூறில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் வாதாடவில்லை.

நம்பரை இங்கே போடவில்லை, அவர் கேட்டுக்கொண்டதால். பக்கத்தில் இருப்பவர்கள் கடைக்கு வந்தால் தருகிறேன். கூப்பிடும்போது வாசலின் அகலம் உயரம், கட்டடம் சுண்ணாம்பா சிமென்டா, குட்டியானை உங்கள் தெருவுக்குள் திரும்புமா என்பதைத் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் புயல் எச்சரிக்கை வருகிறவரை காத்திருக்காதீர்கள். எச்சரிக்கை வந்த அன்று அவரிடம் இருக்கிற பலகை முழுக்கக் காசிமேட்டுப் பக்கம் போய்விடுகிறது, முன்னமே சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும்தான் எடுத்து வைப்பாராம்.