ஓக்ரே: ரோமானிய வெள்ளிக்காசில் இருக்கும் முகம் யாருடையது?

ரோமப் பேரரசின் காசை அடையாளம் காண முதலில் திறக்க வேண்டிய இணையதளம் 'ஆன்லைன் காயின்ஸ் ஆஃப் தி ரோமன் எம்பயர்'. சுருக்கமாக ஓக்ரே. அமெரிக்க நாணயவியல் கழகமும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பண்டைய உலக ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. கி.மு. 31இல் அகஸ்டஸ் காலம் தொடங்கி கி.பி. 491இல் பேரரசர் ஜீனோ இறந்தது வரை, 43,000க்கும் மேற்பட்ட காசு வகைகள் இதில் உள்ளன. கட்டணம் கிடையாது. 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' என்ற பத்துத் தொகுதி நூலின் எண்களையே இங்கும் பின்பற்றுவதால், ஏலப் பட்டியலில் பார்த்த எண்ணை அப்படியே தேடலாம்.

வெள்ளிக்காசுகளுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் முகத்தை மட்டும் பொருத்திப் பார்ப்பவரை இது எளிதில் வழிதவற விடும்.

தேடும் பக்கத்தில் 'ஆட்சியாளர்' என்று ஒரு வடிகட்டி, 'உருவம்' என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல. மூத்த ஃபௌஸ்டினா கி.பி. 140இல் இறந்த பின்னும் கணவரான பேரரசர் அன்டோனினஸ் பியுஸ் அவர் முகத்தோடு ஏராளமான டினாரியஸ்களை, அதாவது வழக்கமான ரோமானிய வெள்ளிக்காசுகளை, வெளியிட்டார். அவை ஆட்சியாளர் பட்டியலில் அன்டோனினஸ் பெயரிலும், உருவப் பட்டியலில் ஃபௌஸ்டினா பெயரிலும் நிற்கும். அகஸ்டஸின் முகத்தைத் தேடினால் இன்னும் வேடிக்கை: கி.பி. 250 வாக்கில் பேரரசர் டிரஜன் டீஷியஸ், தெய்வமாக்கப்பட்ட பழைய பேரரசர்களுக்காக ஒரு வரிசையே அடித்தார். அகஸ்டஸ் இறந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்த அந்தக் காசும் அதே பட்டியலில் வரும். தலையில் கதிர்முடி, பின்பக்கம் கழுகு அல்லது பலிபீடம் இருந்தால் அது அந்த வரிசை. ஆகவே உருவத்தைத் தேர்ந்ததும் கால வரம்பையும் சுருக்குங்கள்.

முகம் ஏன் ஏமாற்றுகிறது? புதிய பேரரசர் பதவியேற்றதும் காசு அடிக்க வேண்டும். அவருடைய உருவ மாதிரி காசு அடிக்கும் அக்கசாலைக்கு வந்து சேர்வதற்குள் அச்சு வெட்டுபவர் பழைய முகத்தையே கொஞ்சம் மாற்றி வெட்டிவிடுவார். கி.பி. 96இன் முதல் நெர்வா காசுகளில் முந்தைய பேரரசர் டொமிஷியனின் சாயல் தெரிவதும், முதல் டிரஜன் காசுகளில் நெர்வாவின் சாயல் தெரிவதும் இதனால்தான். பேரரசர் எலகாபாலஸின் தொடக்கக் காசுகள் அவருக்குச் சில ஆண்டுகள் முன் ஆண்ட காரகல்லாவை ஒத்திருக்கும். போதாக்குறைக்கு இருவருக்குமே காசில் 'அன்டோனினஸ்' என்றுதான் பெயர் (மேலே சொன்ன அன்டோனினஸ் பியுஸ் வேறு ஆள்).

இந்த ஜோடியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பிரிக்கும் வழி சுற்றெழுத்தில், அதாவது காசின் விளிம்பை ஒட்டி ஓடும் எழுத்தில், இருக்கிறது. 201 முதல் 210 வரை காரகல்லாவின் வெள்ளியில் முன்னால் 'இம்ப்' (இம்பராட்டர் என்ற பட்டம்) இல்லாமல் 'அன்டோனினஸ் பியுஸ் அவுக்' மட்டும் வரும்; 'அவுக்' என்பது அகஸ்டஸ் என்ற பட்டத்தின் சுருக்கம். பிறகு கடைசியில் 'பிரிட்', 213 முதல் அதற்குப் பதில் 'ஜெர்ம்' என்ற வெற்றிப் பட்டச் சுருக்கங்கள் சேரும். எலகாபாலஸின் வழக்கமான தொடக்கம் 'இம்ப் அன்டோனினஸ்'. பின்பக்க வெற்றிடத்தில் நட்சத்திரமோ, பிற்காலக் காசுகளில் நெற்றிமேல் கொம்புபோல ஒன்றோ இருந்தால் எலகாபாலஸ் என்பது உறுதி.

சுற்றெழுத்தைத் தட்டும்போது கவனம்: லத்தீனில் 'யு' கிடையாது, அந்த இடத்தில் 'வி' போட வேண்டும். தேய்ந்த எழுத்துகளுக்கு நட்சத்திரக் குறி போதும். நான்கைந்து எழுத்துகள் தெளிவாக இருந்தாலே பட்டியல் வெகுவாகக் குறையும். எழுத்து பெரும்பாலும் இடப்பக்கம் கீழிருந்து கடிகாரச் சுற்றில் ஓடும்; வெஸ்பாசியன் காலத்து வெள்ளிகள் சிலவற்றில் எதிர்ச்சுற்று. பாதிப் பெயரைத் தலைகீழாகப் படித்து 'இப்படி ஒரு வகையே இல்லை' என்று முடிவுகட்டுவது அங்கே அடிக்கடி நடப்பது.

பின்பக்கத்துக்கு விளக்கச் சொற்களால் தேடுவதே நல்லது. அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் ரோமானியப் பெண் தெய்வங்கள். தராசும் வளக்கொம்பும் ஏந்திய பெண் ஈக்விடாஸாகவும் இருக்கலாம், மொனெட்டாவாகவும் இருக்கலாம். எழுத்து இல்லாமல் பிரிக்க முடியாது. சுக்கான் இருந்தால் ஃபார்ச்சுனா, பாம்புக்கு உணவூட்டினால் சாலுஸ், ஒரு கையில் பூவும் மறுகையில் தூக்கிப் பிடித்த ஆடையும் என்றால் ஸ்பெஸ். விளக்கங்கள் ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கிலச் சொல்லால்தான் தேட வேண்டும்.

தளத்தின் உண்மையான சுகம் ஒரே பேரரசரின் காசுகளைக் கால வரிசையில் பார்ப்பது. நீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 54இல் தாய் அக்ரிப்பினாவை எதிர்நோக்கிய பையன் முகம். பின்பக்கம் கருவாலி மாலை. 64க்குப் பிறகு தடித்த கழுத்து, படிப்படியாகச் சுருட்டிய தலைமுடி. காசின் எடையும் அதே ஆண்டில் குறைகிறது: ஒரு ரோமானிய பவுண்டு வெள்ளிக்கு 84 காசு என்றிருந்தது 96 ஆனது, அதாவது சுமார் 3.9 கிராமிலிருந்து 3.4 கிராமுக்கு. முகம் பருத்தது, காசு இளைத்தது.

பல வகைப் பக்கங்களில் காசுகளின் சராசரி எடையும் விட்டமும் கிடைக்கும். அந்தச் சராசரியை அப்படியே நம்ப வேண்டாம். தேய்ந்த காசுகளும், செம்பு உட்கருவின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய அந்தக் காலக் கள்ளக்காசுகளும் அதில் கலந்திருக்கக்கூடும். உங்கள் காசு எதிர்பார்த்ததைவிடப் பாதி கிராம் குறைந்தால் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், உள்ளிருக்கும் செம்பின் பச்சை தெரிகிறதா என்று.

குறைகளும் உண்டு. படமே இல்லாத வகைகள் நிறைய. படங்கள் அந்தந்த அருங்காட்சியகங்களின் தளங்களிலிருந்து வருவதால் சில நேரம் வெறும் கட்டம்தான் மிஞ்சும். அடிப்படை நூலின் வயதும் இடிக்கிறது: ஹாட்ரியன் பகுதி 2019இல் புதுப்பிக்கப்பட்டது, ஆனால் வலேரியன் முதலான மூன்றாம் நூற்றாண்டுப் பேரரசர்களுக்கான ஐந்தாம் தொகுதி 1927, 1933ஆம் ஆண்டுகளுடையது. அங்கே அக்கசாலைப் பெயரையும் ஆண்டையும் இறுதி முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, 'இந்த வகையில் இரண்டு காசுதான் காட்டுகிறது, அபூர்வம்' என்று விலை பேசுபவர்கள். அருங்காட்சியகங்கள் வகைக்கு ஒன்றாகச் சேர்ப்பவை. அவற்றின் எண்ணிக்கை புழக்கத்தின் அளவைச் சொல்லாது. தென்னிந்தியப் புதையல்களில் குவியலாகக் கிடைக்கும் இரண்டு வெள்ளி வகைகள் இதற்கு நல்ல சான்று: அகஸ்டஸின் பேரர்கள் கையஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களோடு நிற்கும் அகஸ்டஸ் காசு, கிளை ஏந்திப் பெண் அமர்ந்திருக்கும் டைபீரியஸ் காசு. அந்தக் குவியலின் அளவை இந்தத் தளத்தின் எண்ணிக்கையில் தேடினால் கிடைக்காது.

அகஸ்டஸுக்கு முந்தைய குடியரசுக் காசுகள் இங்கே இல்லை. சீசரைக் கொன்ற புரூட்டஸ் இரண்டு குத்துவாள் உருவங்களோடு அடித்தது அவற்றில் ஒன்று. அதற்கு அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'காயினேஜ் ஆஃப் தி ரோமன் ரிபப்ளிக் ஆன்லைன்' (சி.ஆர்.ஆர்.ஓ.) தளம். அலெக்சாண்டிரியா போன்ற மாகாண நகரங்களின் காசுகளுக்கு 'ரோமன் புரொவின்ஷியல் காயினேஜ்' இணையதளம். கிரேக்க எழுத்துள்ள காசை ஓக்ரேயில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.