தக்காளிக்குத் தண்ணீர்: மேலாலா, வாய்க்காலாலா, அடியிலா?

மாரி ஓய்ந்து தைப்பனி கொட்டும் நாட்களில் கிளிநொச்சிப் பக்கத்து வளவுகளில் தக்காளி பூத்து நிற்கும். அடியிலைகளில் மண்ணிறப் பொட்டுகள் விழுவதும் அப்போதுதான். பொட்டுக்குள் வளையம் வளையமாகத் தெரிந்தால் அல்ட்டனேரியா என்ற பங்கசால் வரும் இலைக்கருகல். நடுவில் சாம்பல் பூத்த சின்னப் புள்ளிகள் என்றால் செப்டோரியா என்ற இன்னொரு பங்கசு. இரண்டும் கீழிலையில் பிடித்து மேலே ஏறுபவை. போன போகத்துச் சருகில் கிடக்கும் பங்கசு வித்திகள், தண்ணீர் மண்ணில் அடித்துத் தெறிக்கும்போது கீழிலையில் ஒட்டும். ஒட்டினால் மட்டும் போதாது. முளைத்து உள்ளே இறங்க இலை சில மணித்தியாலமாவது நனைந்திருக்க வேண்டும். ஆகவே எந்த முறையையும் நான் இரண்டு கேள்வி கேட்டுத்தான் பார்ப்பேன். மண் தெறிக்கிறதா? இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது?

பின்னேரம் வேலையால் வந்து, ஹோஸ் பைப்பின் வாயைப் பெருவிரலால் அமத்திப் பீய்ச்சுவது எங்கள் ஊரில் பலரின் வழக்கம். இரண்டு கேள்வியிலும் தோற்கும் முறை இது. ஆனாலும் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆடி, ஆவணியில் சோளகக் காற்று அடிக்கும்போது காலையில் மேலால் விட்டால் இலை சட்டென்று காய்ந்துவிடும். இலைக்கடியில் இருக்கும் சிற்றுண்ணியையும் தண்ணீர் கழுவிக்கொண்டு போகும். அதே வேலையைத் தையில் பொழுதுபடச் செய்தால் கதை வேறு. நனைந்த இலைமேல் பனியும் இறங்கி, மறுநாள் வெயில் ஏறும்வரை ஈரம் போகாது. பங்கசுக்கு விருந்துதான்.

மிசின் போட்டு இறைத்து, வாய்க்காலால் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிற முறையில் இலை நனையாது. கருகலுக்கு அது நல்லதே. அதில் ஒளிந்திருக்கும் ஆபத்து பற்றீரியா வாடல். இலையில் ஒரு பொட்டும் இருக்காது, செடி பச்சையாகவே தொங்கிப்போகும். தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீருள்ள கிளாசில் பிடித்தால் வெள்ளை நூல் மாதிரிக் கசிவு இறங்கும். ஒரு வருடம் என் வரிசையின் தலைமாட்டுச் செடி வாடியது. வெயில் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் மாறினேன். ஓடிய தண்ணீர் அதன் பின்னால் நின்ற ஏழு செடியையும் கொண்டுபோனது. போதாக்குறைக்குப் பங்கசு மருந்தும் அடித்தேன், பற்றீரியாவுக்கு!

சொட்டுநீர் இரண்டு கேள்வியிலும் முழுப் புள்ளி வாங்கும். முந்நூறு செடி வைப்பவர் யோசிக்காமல் போடலாம். இருபது செடிக்கு நான் போடமாட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணீர். சொட்டுத் துளை அடைபடும், அடைபட்டது செடி வாடும்வரை தெரியாது. பிறகு பதறி அள்ளி ஊற்றுவோம். ஈரம் அப்படி ஏறி இறங்கினால் கல்சியம் காய்க்கு ஒழுங்காகப் போகாமல் காயின் அடி கறுத்துவிடும். இன்னொன்று, வெண்ஈ கொண்டுவரும் இலைச்சுருளலை எந்தக் குழாயும் தடுக்காது.

என் தெரிவு வாளியும் செம்பும்தான். விடியக் காலையில், அடியில் மட்டும், மெல்ல ஊற்றுவேன். மண்ணை மூடி மூன்று விரற்கடைக்கு வைக்கோல். மழை பெய்தாலும் மண் தெறிக்காமல் தடுப்பது அதுதான். தண்டோடு முட்டாமல் போடவேண்டும், கறையானையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செடியைத் தடியில் கட்டி, நிலத்தில் முட்டும் இலைகளைக் கிள்ளிவிடுவேன். ஈரச் செடியில் கைவைப்பதில்லை. எல்லாமாக அரை மணித்தியாலம் போகும், பொய் சொல்லவில்லை.

பக்கத்து வளவு மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தம்பி, பிள்ளைக்குப் பால் பருக்கிற மாதிரியெல்லோ ஊத்துறாய்" என்று சிரிப்பா. ஹோஸ் பைப்பை அவ இன்னும் விடவில்லை. ஆனால் இந்தத் தையில் பின்னேரத்தை விட்டுக் காலையில்தான் அடிக்கிறா.